கருவிழிக்கும் மூச்சு முட்டும்

கான்டாக்ட் லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது விலை, அடுத்தது கலர். நானும் அப்படித்தான் போனேன். மைனஸ் 6 பவர், பள்ளிக்கூடத்திலிருந்தே 'சோடாபுட்டி' பட்டம், எப்படியாவது கண்ணாடியைக் கழற்றினால் போதும் என்று இருந்த நேரம். இருப்பதிலேயே விலை குறைவான மாத லென்ஸைக் கேட்டேன், கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்குப் போட்டால் இரவு பத்து, பதினொன்றுக்குத்தான் கழற்றுவேன். வலி எதுவும் இல்லை. சாயங்காலம் கண் கொஞ்சம் சிவக்கும், தெருவிளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரியும், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து வேறொரு டாக்டர் ஸ்லிட் லேம்பில் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்துவிட்டு, கருவிழியின் ஓரத்தில் புதிதாக ரத்தக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்றார்.

கண் தானத்தில் எடுத்து வைக்கிறார்களே, அந்தக் கருவிழிப் படலத்தில், அதாவது கார்னியாவில், ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் வெளிச்சம் தெளிவாக உள்ளே போகாது. ரத்தம் இல்லாததால்தான் கண் தானத்துக்கு ரத்தப் பிரிவுகூடப் பார்ப்பதில்லை. சரி, ரத்தம் வராத இடத்துக்கு ஆக்சிஜன் எப்படி வரும்? பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்துதான், கண்ணீரில் கரைந்து நேராக உள்ளே இறங்குகிறது. தூங்கும்போது இமை மூடிவிடுவதால் இமையின் உட்பக்க ரத்தக் குழாய்களிலிருந்து வருவதை வைத்துச் சமாளிக்கிறது, அது விழித்திருக்கும்போது கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் லென்ஸே போடாதவர்களுக்கும் காலையில் எழும்போது கார்னியா மூன்று, நான்கு சதவீதம் வீங்கித்தான் இருக்கும்.

லென்ஸ் போடுவது இந்த ஜன்னலுக்குத் திரை போடுகிற மாதிரி. காற்று குறைந்தால் கார்னியாவின் செல்கள் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்கத் தொடங்கும், லாக்டிக் அமிலம் சேரும், அது தண்ணீரை உள்ளே இழுக்கும், படலம் உப்பும். விளக்கைச் சுற்றித் தெரிந்த வளையத்துக்கு அதுதான் காரணம். மாதக்கணக்கில் இப்படியே போனால், மூச்சு முட்டுகிற இடத்துக்கு உடம்பு ரத்தக் குழாயை அனுப்பி உதவப் பார்க்கும். நல்ல எண்ணம்தான், ஆனால் அது பார்வைப் பாதைவரை வந்துவிட்டால் வம்பு.

எனவே எந்த லென்ஸ் என்ற கேள்வியில் பாதி, அது எவ்வளவு காற்றை விடுகிறது என்பதுதான். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கட்டி லென்ஸ்கள் காற்றை விடவே விடாது. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிராகில் தன் வீட்டிலேயே, மகனுடைய விளையாட்டுச் சாமான் செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து ஓர் இயந்திரம் செய்து மென்மையான லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அந்த ஹைட்ரோஜெல், தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் பிளாஸ்டிக். அதில் ஆக்சிஜன் தண்ணீர் வழியாகத்தான் போகும். அப்படியானால் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். ஏசி அறையில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி, லென்ஸ் உங்கள் கண்ணீரையே உறிஞ்ச ஆரம்பிக்கும். 1999 வாக்கில் கடைக்கு வந்த சிலிகோன் ஹைட்ரோஜெல் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனது: சிலிகோன் வழியாகவே ஆக்சிஜன் புகுந்துவிடும், தண்ணீரை நம்பத் தேவையில்லை. கொஞ்சம் விறைப்பு, எண்ணெய்ப் பசை ஒட்டும், சிலருக்கு உறுத்தும். ஆனாலும் நாள் முழுக்கப் போடுகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

லென்ஸ் விவரத்தில் 'டிகே/டி' என்று ஓர் எண் இருக்கும். லென்ஸ் பொருள் எவ்வளவு ஆக்சிஜனை விடும் என்பதை அதன் தடிமனால் வகுத்த கணக்கு அது. ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் சொன்னபடி பகலில் மட்டும் போட 24ஆவது வேண்டும், போட்டுக்கொண்டே தூங்க 87. (தூங்காதீர்கள். எண் எவ்வளவு இருந்தாலும் தொற்று வருகிற வாய்ப்பு பல மடங்கு ஏறும்.) இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கடையில் யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணை வழக்கமாக மைனஸ் 3 பவர் லென்ஸின் நடுவில் அளக்கிறார்கள். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிமன். என்னுடையது மைனஸ் 6, அதைவிடத் தடிமன். எனக்குக் குழாய் முளைத்ததும் அந்த ஓரத்தில்தான்.

கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்குச் சொல்லவும் கூடாது. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் ஒட்டி உட்காருகிறது, ஆகவே மைனஸ் 6 என்பது சுமார் மைனஸ் 5.5 ஆகிவிடும். நான்குக்குக் கீழே இந்த வித்தியாசத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.

சிலிண்டர் பவர், அதாவது திசைக்குத் திசை பவர் மாறுகிற கண், இருப்பவர்கள் பாடு வேறு. அவர்களுக்கான டாரிக் லென்ஸ் கண்ணில் சுழலாமல் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். பத்து டிகிரி திரும்பினாலே திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால்தான் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடிமனாகச் செய்கிறார்கள், ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இமை அதை இடத்துக்குத் தள்ளும். டிரையல் லென்ஸ் போட்டு அரைமணி நேரம் உட்காரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். கார்னியா கூம்பு மாதிரி முன்தள்ளும் கெரட்டோகோனஸ் இருந்தால் சாஃப்ட் லென்ஸ் அந்த மேடு பள்ளத்தின் மேலேயே படிந்துவிடும், பெரும்பாலும் பயன் குறைவு. நம் ஊரில் செமி சாஃப்ட் என்கிற விறைப்பான, காற்று விடும் லென்ஸ் வளையாமல் நிற்கும். இடைவெளியைக் கண்ணீர் நிரப்பிச் சமமாக்கும். முதல் சில வாரம் உறுத்தும், பழகிவிடும்.

கல்யாண மேக்கப்புக்குத் தோழியின் கலர் லென்ஸைக் கடன் வாங்கிப் போடுவதைப் பற்றி என்ன சொல்ல? பவர் இல்லாவிட்டாலும் அதுவும் லென்ஸ்தான், கண் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவுவதும் அதே கதை. தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய அகந்தமீபா என்ற ஒருசெல் உயிரி லென்ஸில் ஒட்டிக்கொண்டு கார்னியாவுக்குள் போனால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட வேண்டிவரும். கழுவுகிற பொறுமை இல்லாதவர்கள் தினமும் தூக்கிப்போடுகிற லென்ஸ் வாங்குவது நல்லது, செலவு கூடும்தான்.

நான் இப்போது அதைத்தான் போடுகிறேன், சிலிகோனில், மாலை ஆறு மணி வரைக்கும். அப்புறம் சோடாபுட்டிதான். முளைத்த குழாய்களில் ரத்தம் ஓடுவது நின்றுவிட்டது. வெறும் குழாய்கள் மட்டும் காலியாக அப்படியே இருக்கின்றன, எனக்குத் தெரியாது, ஒவ்வொரு வருடமும் ஸ்லிட் லேம்பில் பார்க்கும்போது டாக்டருக்குத் தெரிகிறது.