பத்து நிமிடத்தில் முடிவாகும் குரூப்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஒரு மேசை போடுவார்கள். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியரான எனக்கு அந்த மேசைதான் பல வருடமாக மே மாதம். பிள்ளையைப் பின்னால் நிறுத்திவிட்டு அப்பாவோ அம்மாவோ முன்னால் வந்து கேட்பார்கள்: "சார், நானூத்தி இருபது எடுத்திருக்கான். என்ன குரூப் கிடைக்கும்?" நாங்களும் மார்க்கைப் பார்ப்போம், காலியிடத்தைப் பார்ப்போம், ஒரு குரூப்பை எழுதிவிடுவோம். பத்து நிமிடம் ஆனாலே அதிகம். பின்னால் நிற்கும் பிள்ளை அதுவரை வாயே திறந்திருக்காது.

இதில் நான் செய்த தவறு ஒன்று உண்டு. சில வருடம் முன்பு ஒரு மாணவி, "கணக்கு இல்லாத சயின்ஸ் குரூப் குடுங்க சார்" என்றாள். தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பை எழுதிக் கொடுத்தேன். பிளஸ் டூ வந்ததும் ஆண்டு விழா மேடைக்கு அட்டையிலேயே ஒரு கோபுரம் செய்தாள். ஒவ்வொரு நிலையும் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று நோட்டில் கணக்குப் போட்டு, ஸ்கேல் வைத்து வெட்டியிருந்தாள். அப்புறம் ஒருநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "கட்டடம் வரையுற படிப்பு இருக்காமே, நான் சேரலாமா சார்?" பி.ஆர்க். படிப்புக்கு பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டும். அவள் படிக்கவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் 61. பயந்து ஓடுகிற மார்க்கா அது? மேசையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு நான் அதைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு, "என்னவாகப் போறே?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். பதினைந்து வயதில் அது யாருக்குத் தெரியும்? இப்போது பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, இந்த குரூப் எடுத்தால் எதெல்லாம் இல்லாமல் போகும் என்று சொல்கிறேன். கணக்கை விட்டால் பி.ஆர்க்., கப்பல் படிப்பான நாட்டிகல் சயின்ஸ், என்.டி.ஏ. எனும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படை, கடற்படை எல்லாம் போய்விடும். பொறியியலும் அநேகமாகப் போய்விடும். பயாலஜியை விட்டால் மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், கால்நடை மருத்துவம் போகும். காமர்ஸ் எடுத்தால் இவை எல்லாமே போகும் என்றாலும் சட்டம், சி.ஏ., ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஃபேஷன் டிசைன், டி.என்.பி.எஸ்.சி., ஐ.ஏ.எஸ். எதுவும் கைவிட்டுப் போகாது. காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: பள்ளியில் வணிகக் கணிதம் இருந்தால் அதை எடுத்துக்கொள். பி.சி.ஏ. சேரப் போனால் பல கல்லூரிகளில் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சி.ஏ. ஃபவுண்டேஷனில் கணக்கும் புள்ளியியலும் ஒரு தாளாகவே வருகின்றன.

"அப்போ கணக்கு, பயாலஜி ரெண்டும் இருக்கற பயோ மேக்ஸ் எடுத்துட்டா எல்லாத்துக்கும் வழி இருக்குமே?" என்று கேட்பார்கள். இருக்கும், சுமக்க முடிந்தால். பொறியியல் கலந்தாய்வுக்கான கட் ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200. கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 72 வாங்கினால் 80, 35, 36 என்று கூட்டி 151 வரும். பயாலஜியில் 98 வாங்கியிருந்தாலும் அதில் ஒன்றும் சேராது. நீட் தேர்விலோ கணக்கே கிடையாது. டாக்டர் ஆசை துளியும் இல்லாத பிள்ளை இரண்டு வருடம் பயாலஜி ரெக்கார்டில் தவளை வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

பத்தாவது வரை எங்களிடம் படிக்கவைத்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு மட்டும் கடன் வாங்கித் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறவர்களும் உண்டு. அப்படிச் சேர்த்த அன்றே 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடும். பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் இருக்கிறது. பொறியியலில் அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. டி.சி. கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர், "அப்படியா சார்?" என்கிறார்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் விளம்பரத் தட்டிகளின் காலம். நாக் 'ஏ பிளஸ்' என்று எழுதியிருக்கும். நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு; அதன் மதிப்பீடு மொத்தக் கல்லூரிக்கும் கொடுப்பது. பொறியியலில் நீங்கள் சேரும் பிரிவுக்கு, ஒவ்வொரு பிரிவாகப் பார்த்துக் கொடுக்கும் என்.பி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். ஆன்லைன் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் பெயரைப் பார்த்துக் கிளிக் செய்யாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணை நோட்டில் எழுதி வைத்துச் சரிபாருங்கள். பிரவுசிங் சென்டர்காரரை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

பட்டத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். பெயர் புதிதாக இருக்கிறதே என்று ஒரு பி.எஸ்சி.யில் சேர்ந்துவிடுவார்கள். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அறிவிப்பில் அந்தப் பெயர் இருக்காது. இந்தப் படிப்பு அந்தப் படிப்புக்கு இணையானது என்று அரசாணை இருந்தால் தப்பித்தார்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சேருவதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில், "இதுக்கு இணைச் சான்று ஜி.ஓ. இருக்கா?" என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. முதல் இரண்டு வருடப் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக இணையதளத்தில் எடுத்துப் படித்துப் பாருங்கள். புதுப் பெயரில் வரும் கம்ப்யூட்டர் பிரிவுகளில்கூட முதல் வருடம் கணக்கும் இயற்பியலும்தான் காத்திருக்கும்.

அந்தக் கோபுரம் செய்த பெண் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள், அங்கே கணக்கு கேட்கவில்லை. போன வருடம் பள்ளிக்கு வந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்," என்று சிரித்தாள். ஆனால் பி.ஆர்க். என்ற பேச்சு வந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

குரூப் தவறிவிட்டது என்று தோன்றினால் பள்ளி திறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் தலைமையாசிரியரைப் பாருங்கள். இடம் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் ஃபெயில் ஆன பிறகு விடைத்தாளோடு வந்து நின்றால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.