ஒரு செடிச் சாற்றிடம் ஆய்வகம் கேட்கும் கேள்விகள்

ஒரு செடியில் மருந்து இருக்கிறதா என்று நேரடியாகச் சொல்லிவிடும் சோதனை எதுவும் கிடையாது. ஆய்வகத்தில் நடப்பவை எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். இந்தக் கரைப்பானில் என்ன கரைகிறது? இந்தச் சாயத்தின் நிறம் மாறுகிறதா? இந்தத் தட்டில் பாக்டீரியா வளராமல் நிற்கிறதா? ஒவ்வொரு சோதனையும் தன்னிடம் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும். ‘இந்த இலை புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று வரும் செய்திகளைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் இருப்பது இப்படி ஒரு சின்னக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

முதல் வேலை செடியின் அடையாளத்தை உறுதி செய்வது. பூவோ காயோ உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடத்தையும் தேதியையும் எழுதி, உலர்தாவரத் தொகுப்பில் எண் போட்டு வைக்க வேண்டும். பின்னால் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்தக் கிளையை எடுத்துப் பார்க்கலாம். இந்த எண் இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை. செடியே தவறாக இருந்தால், அதன்பிறகு எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

அடுத்தது சாறு எடுப்பது. பலரும் இதை வெறும் முன்வேலையாக நினைக்கிறார்கள். என் கணக்கில் பாதி முடிவு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. நிழலில் உலர்த்திப் பொடித்த இலையை ஹெக்சேனில் ஊறவைத்தால் மெழுகும் கொழுப்பும் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களும் இறங்கும். எத்தில் அசிட்டேட்டில், எண்ணெய்ப்பசை உள்ளவைக்கும் நீரில் கரைபவைக்கும் நடுத்தரமானவை வரும். மெத்தனாலிலும் நீரிலும் ஃபீனால் சேர்மங்கள், டானின்கள், சர்க்கரை ஒட்டிய மூலக்கூறுகள் வரும். ஒரே இலையிலிருந்து எடுத்த இந்தச் சாறுகள் வேதியியலில் ஒன்றுக்கொன்று வேறானவை. ‘இந்தச் செடிக்குப் பாக்டீரியாவைக் கொல்லும் திறன் இல்லை’ என்று யாராவது சொன்னால், எந்தக் கரைப்பானில் எடுத்த சாறு என்று கேட்க வேண்டும்.

சூடும் அப்படித்தான். ஃபிரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் 1879இல் பாலின் கொழுப்பை அளக்க வடிவமைத்த கருவி இன்றும் தாவர ஆய்வகங்களில் ஓடுகிறது. அடியில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, இலைப்பொடி மீது சொட்டும். நிறைந்ததும் மொத்தமாகக் கீழே வடியும். மறுபடி மறுபடி புதுக் கரைப்பான் பட்டுச் சாறு நன்றாக இறங்கும் என்பது இதன் வசதி. ஆனால் இறங்கிய சாறு மணிக்கணக்கில் அடியில் கொதித்துக்கொண்டே கிடக்கும். சூடு தாங்காத மூலக்கூறு அங்கேயே சிதைந்துவிடும்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின் காட்டியது. சீனாவில் 1967இல் தொடங்கிய ரகசியத் திட்டத்தில் து யூயூவின் குழு ஏராளமான மூலிகைச் சாறுகளைச் சோதித்தது. சிங்ஹாவ் என்ற செடியின் சாறு ஒருமுறை நல்ல பலன் காட்டும், அடுத்தமுறை காட்டாது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிவைத்த குறிப்பில், செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூட்டில்தான் மருந்து அழிகிறதோ என்று யோசித்த து யூயூ, குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் ஈதரில் சாறு எடுத்து, அதன் அமிலப் பகுதியையும் நீக்கினார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் மாதிரி, சோதனை விலங்குகளின் மலேரியா ஒட்டுண்ணிகளை முழுவதுமாக அழித்தது. பிறகு மூலக்கூறின் அமைப்பு தெரிந்தபோது, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கோத்த ஒரு பெராக்சைடு பாலம் அதில் இருந்தது. மருந்தின் வேலையைச் செய்வது அந்தப் பாலம்தான். து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

கரைப்பானைக் குறைந்த அழுத்தத்தில், 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் ஆவியாக்கிவிட்டால் பிசுபிசுப்பான பச்சையோ பழுப்போ மிஞ்சும். அதற்கு முதலில் சில நிறச் சோதனைகள். மேயர் வினைப்பொருளில் பால்வெள்ளை வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள தாவரச் சேர்மம்) இருக்கலாம். ஃபெரிக் குளோரைடில் கருநீலமோ கரும்பச்சையோ தெரிந்தால் ஃபீனால்கள் அல்லது டானின்கள். நீர் விட்டுக் குலுக்கி, நுரை அடங்காமல் நின்றால் சப்போனின். எளிய சோதனைகள், ஐந்து நிமிட வேலை. இவை வகையை மட்டும் சொல்லும், மூலக்கூறின் பெயரைச் சொல்லாது.

ஆன்டிஆக்சிடன்ட் சோதனைதான் ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் கண்ணில் படுவது. டிபிபிஎச் என்பது எளிதில் சிதையாத ஒரு தனி உறுப்பு, அதாவது ஜோடி சேராத ஒற்றை எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதா நிறம். அந்த எலக்ட்ரானுக்குத் துணையாக ஒரு ஹைட்ரஜனைத் தரும் மூலக்கூறு கிடைத்தால் ஊதா வெளுத்து இளமஞ்சளாகும். சாற்றைப் பல செறிவுகளில் கலந்து, இருட்டில் அரை மணி நேரம் வைத்து, 517 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று ஒளிமானியில் பார்ப்பார்கள். நிறம் பாதியாகக் குறையத் தேவைப்படும் செறிவுதான் ஐசி50. அது எவ்வளவு சிறியதோ, சாறு அவ்வளவு வீரியமானது. பக்கத்திலேயே வைட்டமின் சி-யையும் இதே முறையில் அளந்து ஒப்பிடுவார்கள்.

சோதனை அழகானதுதான். ஆனால் அது நடப்பது மெத்தனாலில். அங்கே செல் இல்லை, ரத்தம் இல்லை, குடலோ கல்லீரலோ இல்லை. டிபிபிஎச் நம் உடலில் இருக்கும் பொருளும் இல்லை. ஃபீனால் சேர்மங்கள் தாவர உலகம் முழுக்கப் பரவிக் கிடப்பதால், பெரும்பாலான பச்சிலைகளின் மெத்தனால் சாறு இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே இதை வைத்து நோய் தீரும் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பாக்டீரியாச் சோதனைக்கு வருவோம். அகர் ஊட்டக்கூழ் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வட்டை அதன் மேல் வைத்து, இரவு முழுக்க அடைகாப்புப் பெட்டியில் விடுவார்கள். காலையில் தட்டு முழுக்க மங்கலான வெண்படலம் படர்ந்திருக்கும். வட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம் தெரிந்தால், அங்கே பாக்டீரியா வளரவில்லை. அடிக்கோலால் அதன் விட்டத்தை அளப்பார்கள். 8 மில்லிமீட்டர் என்று அட்டவணையில் படித்தால், அதில் வட்டின் 6 மில்லிமீட்டரும் அடக்கம் என்பது நினைவிருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு வெறும் 1 மில்லிமீட்டர்தான் மிச்சம். அதோடு, வளையத்தின் அளவு மூலக்கூறு கூழுக்குள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. நீரில் கரையாத எண்ணெய்ப்பசை மூலக்கூறு வீரியமானதாக இருந்தாலும் வட்டை விட்டு நகராது. சின்ன வளையம் என்றாலே பலவீனம் என்று முடிவு கட்ட முடியாது.

அதனால்தான் அடுத்து 96 குழிகள் கொண்ட தட்டுக்குப் போகிறார்கள். குழிக்குக் குழி சாற்றின் செறிவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டே போய், எல்லாவற்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவை விடுவார்கள். கடைசியில் ரெசாசுரின் என்ற நீலச் சாயம். உயிருள்ள பாக்டீரியா அதை இளஞ்சிவப்பாக்கும். நீலமாகவே நிற்கும் குழிகளில் மிகக் குறைந்த செறிவு எதுவோ, அதுவே வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு. கூடவே இன்னொரு வரிசையில் கரைப்பானை மட்டும் விட்டுப் பார்ப்பது கட்டாயம். சாற்றைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ அதிகமானால் அதுவே பாக்டீரியாவைத் தடுத்துவிடும்.

எண்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் சாறு தேவைப்பட்டது என்றால் அது 5000 மைக்ரோகிராம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்து, எதிர்ப்பாற்றல் பெறாத ஈ. கோலையை 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே தடுத்துவிடும். சாறு பல நூறு பொருள்களின் கலவை, வேலை செய்யும் மூலக்கூறு அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் இருக்கலாம். அதற்கான சலுகையைக் கொடுக்கத்தான் வேண்டும். எவ்வளவு சலுகை கொடுத்தாலும், 100 மைக்ரோகிராமை ஒட்டியோ அதற்குக் கீழேயோ வேலை செய்யும் சாறுகளைத்தான் அனுபவமுள்ளவர்கள் மேற்கொண்டு தொடர்கிறார்கள்.

புற்றுநோய்ச் செல்களுக்கு எம்டிடி சோதனை. உயிருள்ள செல்களின் நொதிகள் எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை ஊதா நிறப் படிகங்களாக மாற்றும். ஊதா குறைந்தால் உயிரோடு இருக்கும் செல்கள் குறைந்தன என்று பொருள். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. தாவரப் பாலிஃபீனால்கள் செல்லின் உதவியே இல்லாமல் எம்டிடி-யை ஊதாவாக்கக் கூடியவை. செல் இல்லாத குழியையும் வைத்துப் பார்க்காவிட்டால் கணக்கு தப்பும். இரண்டாவது, செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. சப்போனின் செல் சவ்வைக் கிழித்துவிடும், நல்ல செல்லாக இருந்தாலும் கெட்ட செல்லாக இருந்தாலும். பக்கத்திலேயே ஆரோக்கியமான செல்களையும் வளர்த்து, அவை பிழைக்கின்றனவா என்று பார்த்தால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

வேதியியலாளர்கள் இப்படிச் சோதனைகளையே ஏமாற்றும் மூலக்கூறுகளுக்கு 2010 முதல் ‘பெயின்ஸ்’ என்று பெயர் வைத்துப் பட்டியலிடுகிறார்கள். மஞ்சளின் குர்குமின் அதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். அது தானே ஒளிரும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும், புரதங்களோடு வினைபுரியும். அதனால் எந்தச் சோதனையில் போட்டாலும் ஏதாவது பலன் காட்டும். உடலிலோ அது நிலையாக நிற்பதில்லை, ரத்தத்திலும் மிகக் குறைவாகவே சேர்கிறது. போலி மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல் நடத்திய மனிதச் சோதனை எதிலும் குர்குமின் வெற்றி பெறவில்லை என்று 2017இல் வந்த விரிவான மறுஆய்வு எடுத்துச் சொன்னது.

சாற்றில் உண்மையிலேயே வேலை செய்வது எது என்று கண்டுபிடிக்கும் வழி பொறுமையானது. சாற்றைச் சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே விட்டுப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அதே சோதனை. பலன் எங்கே போகிறதோ அந்தப் பகுதியை மட்டும் எடுத்து மறுபடி பிரிப்பார்கள். கடைசியில் ஒற்றை மூலக்கூறு கையில் வரும்வரை இது தொடரும். அமெரிக்காவில் 1962இல் சேகரித்த பசிபிக் யூ மரப்பட்டையை மன்ரோ வாலும் மன்சுக் வானியும் இப்படித்தான் பிரித்துப் பிரித்து, 1971இல் டாக்சால் என்ற மூலக்கூறின் அமைப்பை வெளியிட்டார்கள். அது செல்லுக்குள் என்ன செய்கிறது என்பதை சூசன் ஹார்விட்ஸ் கண்டது 1979இல். சூலகப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி கிடைத்தது 1992இல். மரப்பட்டையிலிருந்து மருந்துக் குப்பிக்கு 30 வருடம்.

சில சமயம் சோதனை கேட்காத கேள்விக்கும் பதில் வந்து விழும். நித்தியகல்யாணி இலை நீரிழிவுக்குக் கேட்கும் என்று ஜமைக்காவிலிருந்து தகவல் வர, கனடாவில் ராபர்ட் நோபிளின் குழு அதை எலிகளிடம் சோதித்தது. வாய்வழி கொடுத்தால் சர்க்கரை இறங்கவில்லை. ஊசிவழி கொடுத்த எலிகள் சில நாளில் கிருமித் தொற்றில் இறந்தன. தோல்வி என்று மூடிவைக்காமல் ஏன் இறந்தன என்று பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் அந்த இலையிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை அறிவித்தார்கள்.

இந்தப் பிரிக்கும் வழியிலும் ஒரு குறை உண்டு. பிரித்துக்கொண்டே போகையில், பலன் திடீரென்று எந்தப் பகுதியிலும் தெரியாமல் காணாமல் போகலாம். மூலக்கூறு வழியில் சிதைந்திருக்கலாம். அல்லது இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து செய்த வேலையாக இருந்திருக்கலாம். இரண்டாவதற்குத் தெளிவான சான்று 2000ஆம் ஆண்டில் கிடைத்தது. பெர்பெரிஸ் இனச் செடிகளில் பெர்பெரின் என்ற ஆல்கலாய்டு உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவிடம் அது தனியாகச் சரியாக எடுபடுவதில்லை. ஓட்டைப் படகில் ஏறும் நீரை இறைத்துக் கொட்டுவதுபோல, பாக்டீரியா தன் சவ்வில் உள்ள பம்ப் வழியே அதை வெளியேற்றிவிடுகிறது. அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு மூலக்கூறையும் அதே செடிகளே தயாரிப்பதை ஃபிராங்க் ஸ்டெர்மிட்சும் கிம் லூயிசும் கண்டார்கள். அதைத் தனியாகச் சோதித்தால் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. வழக்கமான முறையில் போனால் பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருக்கும். இப்போது பலன் காணாமல் போகும்போது, பிரித்த பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, 96 குழித் தட்டில் ஒன்றின் செறிவைக் குறுக்காகவும் மற்றொன்றின் செறிவை நெடுக்காகவும் மாற்றிவைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள்.