ஜிபா சங்கியோ: குடிசைத் தொழிலா, ஊர்த்தொழிலா?

ஜப்பானில் ஒரு மாகாணத்தின் பொருளாதாரத்தைப் பற்றிப் படித்தால், நெல் விளைச்சல் முடிந்து ஆலைக் கணக்கு தொடங்குவதற்குள் 'ஜிபா சங்கியோ' என்ற சொல் வந்துவிடும். ஓர் ஊரில் வேரூன்றிய தொழிலுக்கு அங்கே அதுதான் பெயர். தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாகக் 'குடிசைத் தொழில்' என்று போடப் பார்க்கும். போடக்கூடாது. ஏன் என்பதற்கு முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம்.

நான்கு எழுத்துகள். 'ஜி' என்றால் நிலம். 'பா' என்றால் இடம். ஆனால் வெறும் இடமில்லை. சீனத்தில் இந்த எழுத்துக்குக் கதிரடித்துத் தானியம் காயவைக்கும் வெட்டவெளி என்றும் பொருள் உண்டு. நம் 'களம்' அப்படியே. போர்க்களத்துக்கும் ஜப்பானியர் இதே எழுத்தைத்தான் எழுதுகிறார்கள், நாமும் களம் என்றுதான் சொல்கிறோம். மூன்றாவது எழுத்துக்குப் பிறத்தல், விளைதல் என்று பொருள். கடைசியில் வரும் 'கியோ' தொழில். அதே எழுத்தைக் 'கோ' என்று வாசித்தால் பௌத்தம் சொல்லும் கர்மம். தமிழில் 'வினை' என்ற ஒரே சொல் செயலையும் ஊழையும் சுமப்பதை நினைத்துக்கொண்டால் இது விசித்திரமாகத் தெரியாது.

ஆக, எழுத்துக்கு எழுத்து சொன்னால் 'நிலக்களத்தில் விளைந்த தொழில்'. (காந்தப்புலத்துக்கும் ஜப்பானிய மொழியில் 'ஜிபா' என்றே ஒலிப்பு உண்டு, எழுத்து வேறு. காதால் கேட்டு மொழிபெயர்ப்பவர்கள் கவனம்.)

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள ஃபுகுயி மாகாணத்தைப் போல வசதியான இடம் இல்லை. ஜப்பான் கடலோரம், நல்ல பனிப்பொழிவு. விளைநிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு நெல்வயல். உலகறிந்த கொஷிஹிகாரி நெல் 1956-இல் பெயர் பெற்றது இந்த மாகாணத்து ஆய்வு நிலையத்தில்தான். ஆனால் அறுவடை முடிந்தால் வயல் பனிக்கு அடியில் போய்விடும். அடுத்த போகம் நெல் என்ற பேச்சே கிடையாது. கையும் வாயும் மட்டும் சும்மா இருக்குமா? ஒன்று, பிழைப்புக்கு வெளியூர் போகவேண்டும். இல்லை, வீட்டுக்குள் செய்ய ஒரு வேலை வேண்டும்.

காகிதம் செய்யும் எச்சிஸென் பள்ளத்தாக்கில் ஒரு தொன்மக் கதை சொல்கிறார்கள். ஆற்றின் மேற்பக்கம் ஒரு பெண் தோன்றி, 'இங்கே வயல் குறைவு, பிழைப்பது கடினம். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, காகிதம் செய்யுங்கள்' என்று கற்றுக்கொடுத்தாளாம். அந்தப் பெண்ணுக்கு அங்கே கோயிலே இருக்கிறது. ஜிபா சங்கியோவுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து ஊரில் கத்தி. 1337-இல் கியோத்தோவிலிருந்து வந்த ஒரு வாள் கொல்லர், வாளோடு உழவர்களுக்கு அரிவாளும் அடித்துக்கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. பிற்காலத்தில் அரக்குப்பால் எடுக்க நாடெங்கும் சுற்றிய இதே பகுதி ஆட்கள் போகிற இடமெல்லாம் அந்த அரிவாளை விற்றார்கள். இன்று அதே ஊர்ப் பட்டறைகளில் சமையல் கத்தி.

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் (ஃபிரேம்) கதை இன்னும் பொருத்தம். 1905-இல், இன்றைய ஃபுகுயி நகரின் எல்லைக்குள் இருக்கும் ஷோனோ என்ற சிற்றூரில், மசுனாகா கொஸாயெமோன் என்பவர் ஒசாகாவிலிருந்து கைவினைஞரை வரவழைத்து ஊர் ஆட்களுக்குச் சட்டம் செய்யக் கற்பித்தார். பனிக்கால வருமானம்தான் நோக்கம். அது பக்கத்து நகரமான சபாயேக்குப் பரவியது. இன்று ஜப்பானில் செய்யப்படும் சட்டங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இந்த மாகாணத்தில் பிறப்பவை. டைட்டானியச் சட்டத்தை 1980-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இவர்களே.

உங்கள் கண்ணாடியைக் கழற்றி, காதுக்கம்பி மடங்கும் இடத்தைப் பாருங்கள். கடுகளவுத் திருகும் கீலும் இருக்கும். சபாயேயில் அந்தக் கீலுக்கென்று ஒரு பட்டறை, முலாம் பூச ஒன்று, மெருகேற்ற ஒன்று. பிளாஸ்டிக் சட்டங்களை மர, மூங்கில் சில்லுகளோடு பீப்பாயில் போட்டு மணிக்கணக்காக உருட்டுவார்கள். வெளியே வரும்போது முனைகள் மழுங்கியிருக்கும். ஒரு சட்டம் இருநூறுக்கு மேற்பட்ட கைவேலைப் படிகளைத் தாண்டுகிறது. எல்லாப் படியும் ஒரே கூரைக்குக் கீழ் நடப்பதில்லை, ஊர் முழுக்க நடக்கிறது. ஆலை என்று சொன்னால் அந்த ஊர்தான் ஆலை.

ஜப்பானிய மொழியில் 'தொழிற்சாலை' என்று எழுதும் இரண்டு எழுத்துகளைப் பெரிய ஆலைக்குக் 'கோஜோ' என்றும், சின்னப் பட்டறைக்குக் 'கோபா' என்றும் வாசிப்பார்கள். 'கோபா'வில் இருக்கிற 'பா'வும் ஜிபாவில் இருக்கிற 'பா'வும் ஒன்றுதான்.

இப்போது தமிழ். 'குடிசைத் தொழில்' ஏன் ஒத்துவராது என்றால், டைட்டானியம் ஒட்டும் பட்டறையைக் குடிசை என்பது கேலி. 'பாரம்பரியத் தொழில்' இன்னொரு ஜப்பானியச் சொல்லுக்கு உரியது. 1974-இல் அரசு இயற்றிய சட்டம் மரபுக் கைவினைகளைத் தனியாக வகுத்துவிட்டது. மூக்குக்கண்ணாடி ஃபிரேம் அந்தப் பட்டியலில் சேராது, ஆனால் ஜிபா சங்கியோதான். 'உள்ளூர்த் தொழில்' என்றால் மூலையில் இருக்கும் மாவு மில்லும் அதற்குள் வந்துவிடும். 'புவிசார் குறியீடு' பொருளுக்குக் கிடைக்கும் சட்ட அடையாளம், தொழிலின் பெயரில்லை. 'களத்தொழில்' எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் களப்பணியோடு குழப்பும்.

'ஊர்த்தொழில்' என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் என்றால் மண்ணும் ஆட்களும் சேர்ந்தது. தொழில் வெளியிலிருந்து வந்திருக்கலாம், ஒசாகா கைவினைஞரைப் போல. ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டதா என்பதுதான் கேள்வி.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இதே மாகாணத்தின் தென்புற வகாசா கடற்கரையில் 1970-இல் அணு உலைகள் ஓடத் தொடங்கின; மின்சாரம் ஒசாகா பக்கம் போயிற்று. வேலையும் வருமானமும் பெரியவை, ஆனால் அதை யாரும் ஜிபா சங்கியோ என்று சொல்வதில்லை.