சானிடைசர் எரியுதுன்னா சானிடைசர் மேல தப்பில்ல

கொரோனா வார்டுல டியூட்டி பார்த்த ஒரு நர்ஸ் கேட்டிருந்தாங்க. "சானிடைசர் போட்டா கை தீப்பட்ட மாதிரி எரிஞ்சுது, சரி சோப்பே போதும்னு மாறினேன், எரிச்சல் கம்மியாச்சு, ஆனா கை முன்னைவிட மோசமா வெடிச்சுது, ஏன்?"

அருமையான கேள்வி. பெருந்தொற்று காலத்துல வேலையால வந்த நோய்னு பேச்செடுத்தா எல்லாரும் ரெண்டு விஷயம்தான் சொல்லுவாங்க, வேலை பார்க்குற இடத்துல தொத்திக்கிட்ட கொரோனா, அப்புறம் மன அழுத்தம். பிரிட்டன்ல 2021/22 கணக்குப்படி வேலையால உடம்பு கெட்டுப்போச்சுன்னு சொன்னவங்க 18 லட்சம் பேர், அதுல 9,14,000 பேருக்கு ஸ்ட்ரெஸ், டிப்ரஷன், பதட்டம். பெரிய நம்பர்தான், பேச வேண்டியதுதான். ஆனா தோல் பிரச்சனைக்காக யாரு லீவு போடுவா? கை வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுதுன்னு மேல கிளவுஸ மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடுவாங்க, அதனால அது எந்தக் கணக்குலயும் ஒழுங்கா ஏறாது.

யாராவது போய்க் கேட்டாதான் தெரியும். சீனாவோட ஹூபே மாகாணத்துல 2020 ஆரம்பத்துல கேட்டாங்க. முன்வரிசைல நின்ன மருத்துவப் பணியாளர்கள் 542 பேர்ல 526 பேருக்கு, அதாவது 97 சதவீதம், பாதுகாப்பு உடையாலயும் கை கழுவுறதாலயும் தோல் பாதிப்பு. அதிகமா அடிவாங்கினது மாஸ்க் அழுத்துற மூக்குத்தண்டு, 83 சதவீதம் பேருக்கு. ஒரு நாளைக்கு 10 தடவைக்கு மேல கை சுத்தம் பண்ணவங்களுக்கு கைல பாதிப்பு வர வாய்ப்பும் கூடுதலா இருந்துச்சு. கேள்வித்தாள் சர்வேதான், ஏற்கனவே தோல் பிரச்சனை இருந்தவங்க ஆர்வமா பதில் சொல்லியிருக்கலாம், அத கொஞ்சம் கழிச்சுக்கோங்க. கழிச்சாலும் சின்ன நம்பர் இல்ல.

இப்ப தோலுக்கு வருவோம். நம்ம தோலோட மேல்மட்டம் ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்துத் தட்டையான செல்கள்தான் செங்கல், நடுவுல பூசின சிமெண்ட் ஒரு கொழுப்புக் கலவை, செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மத்த இடத்துல மொத்தமே ஒரு மில்லிமீட்டர்ல அம்பதுல ஒரு பங்குதான் இருக்கும், அதுதான் தண்ணிய உள்ள புடிச்சு வச்சு கண்டதையும் வெளிய நிறுத்துது. சோப்பு கொழுப்ப எடுக்கும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம், ஆனா பாத்திரத்துல இருக்குற எண்ணெய் வேற உன் கைல இருக்குற சிமெண்ட் வேறன்னு சோப்புக்குத் தெரியாது, ரெண்டையும் தூக்கிட்டு தண்ணியோட சிங்குக்குள்ள போயிடும். போதாததுக்கு தோல் லேசான அமிலம், சாதாரண கட்டி சோப்போ காரம், அந்த அமிலத்தன்மை கெட்டா புது சிமெண்ட் தயாரிக்கிற என்சைம்களும் மந்தமாயிடும். ஆல்கஹாலும் கொழுப்பக் கலைக்கும், ஆனா நாம அத அலசி விடுறதில்லையே, அது பாட்டுக்கு ஆவியாப் போயிடும், கலைஞ்ச கொழுப்புல பெரும்பகுதி அங்கயே தங்கிடும். உலக சுகாதார நிறுவனம் குடுத்த ஃபார்முலாவுல 80 சதவீதம் எத்தனாலோட 1.45 சதவீதம் கிளிசராலும் இருக்கு, தோல் காயக்கூடாதுன்னே சேர்த்தது.

அப்படின்னா எரியுறது ஏன்? எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதுதான். நரம்பு நுனில டிஆர்பிவி1 னு ஒரு புரதம் இருக்கு, சூட்டக் கண்டுபுடிக்கிற அலாரம். சாதாரணமா 42, 43 டிகிரி செல்சியஸ் தாண்டினாதான் அடிக்கும். மிளகாய்ல இருக்குற கேப்சைசின் தொட்டாலும் இதே அலாரம்தான் அடிக்குது, அத வச்சுதான் டேவிட் ஜூலியஸ் குழு 1997ல இந்தப் புரதத்தையே புடிச்சாங்க, 2021ல ஜூலியஸுக்கு நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது, அதுவும் உலகமே சானிடைசர் தேய்ச்சுக்கிட்டிருந்த நேரத்துல! எத்தனால் பண்ற வேலை இன்னும் குறும்பு. அது சூடே ஏத்தாது, அலாரம் அடிக்கிற அளவ 42லருந்து 34க்கு இறக்கி வச்சுடும். நம்ம உடம்பு சூடோ 37. அதாவது உங்க சொந்த ரத்தத்தோட கதகதப்பையே நரம்பு "தீ, தீ"ன்னு மூளைக்கு சொல்லுது.

ஆனா சுவர் முழுசா இருந்தா ஆல்கஹால் அந்த நரம்பு நுனிகிட்ட போறதே கஷ்டம். சோப்பு ஓட்டை போட்ட கைலதான் உள்ள எறங்குது. அந்த நர்ஸுக்கு நடந்தது இதான், சுவர இடிச்சவன் சத்தமே போடல, ஓட்டை வழியா எட்டிப் பார்த்தவன் மாட்டிக்கிட்டான். இடிச்சவன்கிட்டயே திரும்பப் போனாங்க, எரிச்சல் கொறஞ்சுது, இடிபாடு கூடிச்சு. இதுக்கு நேர் எதிரா "எரிஞ்சாதான் கிருமி சாகுது"ன்னு நம்புறவங்களும் இருக்காங்க. கிருமி செத்துதா இல்லையான்னு சொல்ல நரம்புக்கு எந்த வழியும் கிடையாது சாமி.

கிளவுஸ் இன்னொரு கூத்து. மணிக்கணக்கா வேர்வைல ஊறி செங்கல் உப்பியிருக்கும், கழட்டின உடனே அந்த ஊறின கைல சோப்பு. கைல அழுக்கு கண்ணுக்குத் தெரியலன்னா பெரும்பாலும் ஆல்கஹாலே போதும், ரெண்டையும் அடுத்தடுத்து போடத் தேவையில்ல, டியூட்டி முடிஞ்சதும் வாசனை இல்லாத கிரீம் அள்ளிப் பூசணும். எந்த கிரீம் எவ்வளவு காக்கும்னு பெரிய அளவுல ஆராய்ச்சி பண்ண பணம் குடுங்கன்னு கேட்டா சிரிப்பாங்க, வென்டிலேட்டர் பக்கத்துல நின்னா போட்டோ எடுத்துக்கலாம், கிரீம் டப்பா பக்கத்துல நின்னு யாரும் போட்டோ எடுத்துக்க முடியாதே.

சந்தேகம் இருந்தா அதே சானிடைசர ஒரு சொட்டு, வெடிப்பே இல்லாத முழங்கைப் பக்கம் தடவிப் பாருங்க. சில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்.