கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறையில் வேலையா? கைரேகை வைக்கும் முன் இதைப் படியுங்கள்

கலிபோர்னியாவில் கஞ்சாக் கடைக்கும் தோட்டத்துக்கும் உரிமம் தருவது, சோதனைக்குப் போவது எல்லாம் 2021 ஜூலையிலிருந்து ஒரே துறையின் கையில். அங்கே வேலை அறிவிப்பில் கைரேகைச் சரிபார்ப்பு உண்டு என்று போட்டிருந்தால், உங்கள் ரேகை லைவ் ஸ்கேன் (மையில்லாமல் கணினியில் ரேகை எடுக்கும் முறை) மூலம் மாநில நீதித் துறைக்குப் போகும், பெரும்பாலும் எஃப்பிஐக்கும் சேர்த்தே. பின்னணி இவ்வளவு போதும்.

போன வருஷம்தான் பள்ளிக்கூட வேலைக்கு ரேகை வைத்தேனே என்று சொல்லிப் பயனில்லை. ஒரு துறைக்குப் போன முடிவு இன்னொரு துறைக்குப் போகாது, மறுபடி வைத்தே ஆக வேண்டும். படிவத்தில் ஓஆர்ஐ என்று ஒரு குறியீடு இருக்கும், முடிவு எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று சொல்வது அதுதான். அது தப்பானால் முடிவு வேறெங்கோ போய்விடும், கட்டிய காசும் போச்சு. ரேகை எடுப்பவர் அதைத் தட்டச்சு செய்யும்போதே ஒரு கண் வையுங்கள். ஏடிஐ எண் (உங்கள் ரேகைச் சரிபார்ப்புக்குத் தரும் அடையாள எண்) எழுதிய உங்கள் படிவப் பிரதியைத் தொலைத்துவிடாதீர்கள், நிலவரம் பார்க்க அதுவும் பிறந்த தேதியும் வேண்டும்.

பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் குழைத்தும் ரேகை தேய்ந்தவர்களுக்குத் தனித் தொல்லை. இரண்டாவது தடவையும் ரேகை சரியில்லை என்று திரும்பினால், 75 நாளுக்குள் எஃப்பிஐயிடம் பெயரை வைத்துச் சரிபார்க்கக் கேட்க வேண்டியது வேலைக்கு எடுக்கும் துறைதான். ஆனால் நினைவூட்ட வேண்டியது நீங்கள், இல்லையென்றால் கோப்பு அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம்விட ஆளைக் கவிழ்ப்பது பாதிப் பதிவு. கைது செய்த அன்றே ரேகை ஏறிவிடுகிறது. வழக்கு தள்ளுபடியானதை யாரும் அனுப்பாவிட்டால் எஃப்பிஐ பதிவில் கைது மட்டும் அந்தரத்தில் நிற்கும். எப்போதோ முடிந்த வழக்குக்காக வேலை கைநழுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். தப்பு பதிவேட்டுடையது, அலைச்சல் இவர்களுடையது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் பதிவை நீங்களே வாங்கிப் பாருங்கள்: மாநில நீதித் துறையில் 25 டாலர், எஃப்பிஐயில் 18 டாலர். வழக்கின் முடிவு விடுபட்டிருந்தால் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, கைதான மாநிலத்தின் பதிவுப் பிரிவுக்கு அனுப்புங்கள். கலிபோர்னியா கஞ்சாவை அனுமதித்த 2016-க்கு முந்தைய கஞ்சா வழக்கு தானாக அழிந்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், நீதிமன்றத்தில் கேளுங்கள். வேறு மாநிலத்து வழக்கை கலிபோர்னியா சட்டம் தொடாது.

படிவத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள். தண்டனை உண்டா என்பது வேறு, கைது உண்டா என்பது வேறு. இரண்டையும் குழப்பி எழுதினால் பொய் சொன்னீர்கள் என்று அதற்கே தனியாகப் பிடிப்பார்கள்.

பதிவைக் காட்டி வேலை இல்லை என்றால் அதன் பிரதியை உங்களுக்குத் தர மாநிலச் சட்டப்படி அவர்கள் கடமைப்பட்டவர்கள். எஃப்பிஐ பதிவு என்றால், திருத்த நியாயமான அவகாசம் தராமல் மறுக்கக் கூடாது என்று கூட்டாட்சி விதியே சொல்கிறது. இரண்டையும் போனில் கேட்காதீர்கள், ‘பார்த்துச் சொல்றோம்’ என்பார்கள், அதோடு சரி. மின்னஞ்சலில் கேளுங்கள்.