மெர்ஜ்: ஒன்றிணைப்பு

கட்டற்ற மென்பொருளில் பலர் தனித்தனிக் கிளைகளில், அதாவது நிரலின் தனித்தனிப் பிரதிகளில், எழுதிய நிரலை முதன்மைக் கிளையில் சேர்ப்பதற்கு மெர்ஜ் என்று பெயர். மதுரையில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளும் ‘மெர்ஜ் ஆயிருச்சா?’ என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மெர்கெரே’ என்றால் தண்ணீரில் முக்குவது, அமிழ்த்துவது. எமர்ஜென்சிக்கும் இதே வேர்தான். ஆங்கிலச் சட்ட வழக்கில் சின்ன உரிமை பெரிய உரிமைக்குள் அடங்கிப்போவதை இப்படிச் சொன்னார்கள். கம்பெனிகள் ஒன்றாவதற்கும் அதுவே நிலைத்தது. ஒன்று இன்னொன்றில் மூழ்கிப்போவதுதான் பழைய பொருள். மென்பொருளில் அப்படி மூழ்க விடுவதில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்பது நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி. அதில் பிரிந்து வளர்ந்த கிளைகள் சேரும்போது இரண்டின் வரலாறும் கூடவே வரும். எந்த வரியை யார் எழுதினார் என்று பிறகும் பார்க்கலாம், வேண்டாமென்றால் விலக்கலாம். அதனால் மெர்ஜுக்குத் தமிழில் ‘கலப்பு’ என்ற சொல் சரிவராது.

கூடல் நகர், கூடலழகர் என்று தினமும் சொல்கிற மதுரைக்காரர்களான நமக்குக் ‘கூடல்’ உடனே நாவில் வரும். ஆனால் ‘கூடுதல்’ தன்வினை, தானாகக் கூடுவது. மெர்ஜ், ஒருவர் பார்த்து முடிவெடுத்துச் செய்வது. பிறவினையாக்கிக் ‘கூட்டல்’ என்றால் கணக்குப் பாடமாகிவிடும். ‘இணைப்பு’ என்பதை லிங்குக்கும் அட்டாச்மென்ட்டுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஆகவே ‘ஒன்றிணைப்பு’ என்பதே என் தேர்வு.

சரி, எப்போது ஒன்றிணைக்கலாம்? எழுதியவர் கணினியில் ஓடுகிறது என்பது போதாது. ஊர்ப்பெயர் தேடும் வசதி ஒன்றை ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கோரிப்பாளையம்’ என்று தட்டினால் வருகிறது. ஆனால் எழுத்துகளைக் கணினியில் பதியும் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒரே கோரிப்பாளையம், கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் தேடினால், மற்ற விதத்தில் பதிந்த முகவரிகள் சிக்காது. இதைச் சரிபார்க்கும் சோதனை நிரல் கூடவே வந்திருக்கிறதா, பழைய வசதி ஏதாவது உடைகிறதா, நாளை பிழை வந்தால் யார் பார்ப்பார் என்றெல்லாம், முதன்மைக் கிளையைப் பார்த்துக்கொள்கிற பராமரிப்பாளர் கேட்டுத்தான் ஆகவேண்டும். கடைசிக் கேள்விதான் கனமானது. எழுதியவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விடலாம். நிரல் அங்கேயே இருக்கும். மனம் சங்கடப்படுமே என்று அரைகுறையாகச் சேர்ப்பதைவிட, என்ன குறைகிறது என்று காரணத்தோடு எழுதித் திருப்பி அனுப்புவதுதான் அவருடைய உழைப்புக்கு மரியாதை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இதற்குக் காலமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பதிப்பு வெளியானதும் சுமார் 2 வாரம் ‘மெர்ஜ் விண்டோ’ திறந்திருக்கும். ஒன்றிணைப்புக் காலம் எனலாம். புதிய வசதி அதற்கு முன்பே லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற சோதனைக் கிளையில் மற்றவர்களின் மாற்றங்களோடு சேர்ந்து ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். காலம் முடிந்தால் பெரும்பாலும் பிழைத்திருத்தம் மட்டும்தான். தவறவிட்டவர் அடுத்த பதிப்புக்குப் பொறுத்திருக்க வேண்டும்.

அப்புறம், ஒரே வரியை இருவர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் வருவது மெர்ஜ் கான்ஃப்ளிக்ட். இதை ‘ஒன்றிணைப்பு முரண்’ என்று சொல்லலாம். எது சரி என்று கிட் முடிவெடுக்காது. இரண்டையும் குறியிட்டுக் காட்டி நின்றுவிடும். ஆள் உட்கார்ந்து தீர்த்தால்தான் மேலே நகரும்.