போர்ட்ரெய்ட்: முகப்படமா, உருவப்படமா?

ஆர்ட் கேலரில "போர்ட்ரெய்ட் எக்ஸிபிஷன்"னு ஒண்ணு நடந்தா அதை தமிழ்ல எழுதறப்ப ஆளுக்கு ஒரு மாதிரி எழுதறாங்க. ஒருத்தர் முகப்படக் கண்காட்சிம்பார், இன்னொருத்தர் உருவப்படம்பார், ஆளுமை ஓவியம்னு எழுதறவங்களும் இருக்காங்க, எதுக்கு வம்புன்னு போர்ட்ரெய்ட்னே விட்டுடறவங்கதான் அதிகம். எது பொருந்தும்னு முடிவு பண்ணணும்னா அந்த சொல்லு எங்கிருந்து கிளம்புச்சு, இப்ப என்ன அர்த்தத்துல நிக்குதுன்னு ரெண்டையும் பாக்கணும்.

லத்தீன்ல ப்ரோன்னா முன்னால, வெளியே. த்ராஹெரேன்னா இழுக்கறது. ரெண்டும் சேந்து ப்ரோத்ராஹெரே, வெளியே இழுக்கறது. டிராக்டர்ங்கிற பேர்ல இருக்கறதும் இதே இழுவைதான். பழைய பிரெஞ்சுல இது போர்த்ரேர்னு ஆகி, கோடு இழுத்து வரையறதுங்கிற அர்த்தத்துக்கு வந்துடுச்சு. நாமளும் "ஒரு கோடு இழு"ன்னுதானே சொல்றோம், அந்த வழிதான். அப்படி வரைஞ்சு முடிச்சது போர்ட்ரெய்ட். ஆக ஆரம்பத்துல மரமோ மாடோ மனுசனோ, வரைஞ்ச எதுக்கும் இந்த சொல்லு பொருந்துச்சு. 16ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்கு வந்து, போகப்போக ஒரு ஆளோட படம்னு சுருங்கிடுச்சு.

அந்த "ஒரு ஆளோட"ங்கிறதுலதான் முழு விஷயமும் இருக்கு. முகம் இருந்தா போர்ட்ரெய்ட் ஆயிடாது. டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்குல வரைஞ்ச முத்துத் தோடு போட்ட பொண்ணு படம் எல்லாரும் பாத்திருப்பீங்க, நீலத் தலைப்பாகை, லேசா திறந்த உதடு, தோள் வழியா திரும்பிப் பாக்கற பார்வை. அது போர்ட்ரெய்ட் இல்லைன்னுதான் கலை வரலாறு படிச்சவங்க சொல்வாங்க. டச்சு ஓவியர்கள் அந்த வகைக்கு ட்ரோனின்னு தனியா பேரு வச்சிருந்தாங்க, அதாவது ஒரு முகபாவத்துக்காகவோ உடுப்புக்காகவோ ஒளி விழற விதத்துக்காகவோ வரையற முகம், யாரு என்னங்கிறது அங்க விஷயமே இல்ல. போர்ட்ரெய்ட்டுக்கு "இது இன்னார்"ங்கிறதுதான் உயிர். அதுக்காக ஒருத்தரை உக்கார வச்சு, அவரைப் பாத்து, பாக்கறவங்க இன்னார்னு கண்டுபிடிக்கற மாதிரி வரையணும், இல்லாட்டி எடுக்கணும்.

இப்ப முகப்படத்துக்கு வருவோம். எனக்கு அந்த சொல்லுல ரெண்டு சிக்கல் படுது. முதல் சிக்கல், போர்ட்ரெய்ட்ல முகம் மட்டும்தான் இருக்கணும்னு இல்ல, கை இருக்கும், நாற்காலி இருக்கும், தலையில இருந்து கால் வரைக்கும் முழு உருவமா நிக்கறதும் இருக்கும், நல்ல ஓவியர்கள் கையை வரையறதுக்கு முகத்துக்கு எடுத்துக்கற அளவு சிரத்தை எடுத்துக்குவாங்க. ரெண்டாவது, முகபடாம்னு யானை நெத்தியில கட்டற அலங்காரத் துணிக்கு ஏற்கெனவே ஒரு சொல்லு இருக்கு, காதுல விழறப்ப ரெண்டும் ஒண்ணு போலவே கேக்கும்.

உருவப்படம் அப்படி இல்ல. உருங்கிறது வடிவம், தோற்றம், ஒருத்தர் இன்னார்னு தெரியற உடல் தோற்றம். படம்ங்கிறது முதல்ல துணி. வடமொழில துணியைக் குறிக்கற "பட"ங்கிற சொல்லுல இருந்து வந்ததா அகராதிகள் சொல்லுது, படாம்னாலும் துணிதான். துணி மேல எழுதினதால படத்துக்கே படம்னு பேராச்சு, இன்னிக்கு சினிமா வரைக்கும் அந்தப் பேரு நீண்டு போச்சு. எண்ணெய் வண்ணத்துல கித்தான் மேல வரையற ஓவியத்தை உருவப்படம்னு சொன்னா துணியும் உள்ள வந்துடுது, உருவமும் வந்துடுது.

துணில ஆளை எழுதற பழக்கம் நம்ம இலக்கியத்துலயே இருக்கு. மடல் ஏறப் போற தலைவன், அதாவது காதல் கைகூடாம பனைமடல்ல செஞ்ச குதிரை மேல ஏறி ஊரறிய வர்றவன், தலைவியோட உருவத்தை ஒரு துணில எழுதி கைல பிடிச்சுக்கிட்டுப் போவான், அந்தத் துணிப்படத்துக்குப் பேரு கிழி. திருக்கோவையார்ல "எருக்கும் அணிந்து ஓர் கிழிபிடித்து"ன்னு வரும். ஊருக்கு நடுவுல போறப்ப பாக்கறவங்க எல்லாருக்கும் இது இன்ன பொண்ணுன்னு தெரியணும், அதுக்குத்தான் அந்தப் படமே. இதைவிட சுத்தமான போர்ட்ரெய்ட் வேற என்ன வேணும்? ஆனா கிழின்னு இன்னிக்கு போர்டுல எழுதினா கிழிக்கறதுன்னுதான் படிப்பாங்க, அதனால அதை இப்ப புழக்கத்துக்கு இழுக்க முடியாது. நெடுநல்வாடைல நகை கழட்டி வச்சுட்டு வாடிப் படுத்திருக்கற அரசியை "புனையா ஓவியம் கடுப்ப"ன்னு நக்கீரர் சொல்றாரு, வண்ணம் தீட்டாத கோட்டு ஓவியம் மாதிரின்னு அர்த்தம். ஸ்கெட்சுக்கு இவ்வளவு அழகா ஒரு தொடர் இருக்கறப்ப நாம அதை எடுத்துக்காம இருக்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

ஃபோட்டோவுக்கு வந்தா இன்னும் சுவாரஸ்யம். கிரேக்கத்துல ஃபோஸ்னா ஒளி, கிராஃபெய்ன்னா எழுதறது, வரையறது, ரெண்டுக்கும் அங்க ஒரே வினைதான். பழைய தமிழ்லயும் எழுதுன்னா எழுத்து எழுதறதும் ஓவியம் தீட்டறதும்தான், கோலத்தை எழுதறதுன்னும் கண்ணுக்கு மை எழுதறதுன்னும் அந்தப் பழைய அர்த்தத்துலதான் சொல்றோம். அதனால ஃபோட்டோகிராஃபுக்கு ஒளிப்படம்ங்கிறது நல்ல பொருத்தம். புகைப்படம்ங்கிறது புழக்கத்துல ஊறிப்போன சொல்லு, பேச்சுல யாரும் சொல்லிட்டுப் போகட்டும், ஆனா கண்காட்சி அட்டைல எழுதறப்ப ஒளிப்படம்னு போட்டா புகைக்கு அங்க என்ன வேலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

ஃபோட்டோகிராஃபிங்கிற சொல்லை 1839ல பரவலாக்கினவர் ஜான் ஹெர்ஷல்னு ஒரு வானியலாளர். அவரையே 1867ல ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. கேமரன் 1815ல கல்கத்தால பொறந்து 1879ல இலங்கைல இறந்தவங்க. அந்தப் படத்துக்காக ஹெர்ஷலை தலைக்குக் குளிச்சுட்டு வரச் சொன்னாங்கன்னு சொல்வாங்க, முடி பஞ்சு மாதிரி பறக்கணும்னு. கறுப்புப் பின்னணி, ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வெளிச்சம், அந்த வெள்ளை முடி இருட்டுக்குள்ள இருந்து சுத்தியும் கிளம்பி நிக்கும், கண்ணுக்குக் கீழ இருக்கற சுருக்கம் ஒவ்வொண்ணும் தெரியும், அப்ப எக்ஸ்போஷர் ரொம்ப நேரம் எடுக்கும்ங்கறதால ஓரங்கள்ல லேசா கலங்கியும் இருக்கும். வெளியே இழுக்கறதுன்னு லத்தீன்காரன் சொன்னது இந்தப் படத்துக்கு அப்படியே பொருந்துது. அதனால ஒளிப்படத்துல எடுத்தா அது வெறும் பதிவு, தூரிகைல வரைஞ்சாத்தான் போர்ட்ரெய்ட்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. உருவப்படம்ங்கிறதை பொதுச்சொல்லா வச்சுக்கிட்டு, வரைஞ்சா உருவ ஓவியம், எடுத்தா உருவ ஒளிப்படம்னு பிரிச்சுக்கிட்டா ரெண்டுக்கும் ஒரே சுவத்துல இடம் கிடைக்கும்.

இனி அந்த சுவரு இருக்கற இடம். கேலரிங்கறது முதல்ல நீளமான நடைகூடம். பிளாரன்ஸ்ல உஃபிஸிங்கிற அலுவலகக் கட்டடத்தோட மேல்மாடி நடைகூடத்துலதான் அந்த ஊரை ஆண்ட மெடிசி குடும்பம் சிலையும் படமும் சேத்து வச்சாங்க, 1769ல அது பொதுமக்களுக்குத் திறந்தாச்சு. அப்படித்தான் நடைகூடத்தோட பேரு கலைக்கூடத்துக்கு ஒட்டிக்கிச்சு. உருவப்படத்துக்குன்னே பொது கேலரின்னா லண்டன்ல 1856ல நிறுவின நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி. அங்க முதல்ல சேந்த படம் ஷேக்ஸ்பியரோடதுன்னு கருதப்படற ஒரு ஓவியம். படம் எவ்வளவு நல்லா வரைஞ்சிருக்குங்கறதை விட படத்துல இருக்கறவர் யாருங்கறதை வச்சுத்தான் அங்க சேத்தாங்க. உயிரோட இருக்கறவங்க படத்தை, ராஜா ராணி தவிர, நிரந்தரத் தொகுப்புல எடுத்துக்க மாட்டோம்னு ஒரு விதியும் இருந்துச்சு. 1968ல செசில் பீட்டன் எடுத்த உருவ ஒளிப்படங்களை அதே கேலரில கண்காட்சியா வச்சாங்க, கூட்டம் அலைமோதுச்சு, 1969ல அந்த விதியையும் எடுத்துட்டாங்க.

கேலரிக்கு நம்மகிட்ட கலைக்கூடம், காட்சிக்கூடம், ஓவியக்கூடம்னு மூணும் புழங்குது, மூணும் சரிதான். ஆனா பரிபாடல் 19ஆம் பாட்டுல திருப்பரங்குன்றத்துல ஓவியம் எழுதின ஒரு மண்டபம் வருது, அதை "எழுத்துநிலை மண்டபம்"னு சொல்றாங்க. அங்க வந்த ஜனங்க படத்தைக் கைகாட்டிக் கேக்கறாங்க, தெரிஞ்சவங்க சொல்லிக் குடுக்கறாங்க: இவன் காமன், இவள் ரதி, இது இந்திரன் பூனையா வந்தது, இவள் அகலிகை, இவன் கவுதமன், "கல் உரு ஒன்றிய படி இது", அதாவது அவள் கல்லா ஆனது இப்படித்தான்னு. எந்த கேலரிக்குள்ள போனாலும் காதுல விழறது இதே பேச்சுதான், இது யாரு, அவருக்கு என்ன ஆச்சு. அது புராணக் காட்சி, போர்ட்ரெய்ட் கிடையாது, இருந்தாலும் பொது இடத்துல படத்துக்கு முன்னாடி நின்னு ஜனங்க பேசிக்கறதை இவ்வளவு கிட்டத்துல காட்டற பாட்டு கிடைக்கறது பெரிய விஷயம்.

மத்ததெல்லாம் சுருக்கமா. எக்ஸிபிஷனுக்கு கண்காட்சி போதும், பொருட்காட்சின்னு போட்டா ராட்டினம் ஞாபகம் வந்துடும். செல்ஃப் போர்ட்ரெய்ட்டுக்கு தன்னுருவப்படம், செல்ஃபிக்கு தம்படம்னு ஒரு சொல்லு ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கு, ரெண்டையும் கலக்க வேண்டாம். பேப்பரை நெட்டுக்குத்தா வைக்கறதுக்கும் போர்ட்ரெய்ட்னுதான் பேரு, ஆள் படம் பெரும்பாலும் உயரவாக்குல இருக்கறதால வந்தது, அதுக்கு உருவப்படம்னு மொழிபெயர்த்தா தப்பாயிடும், நெடுக்குவாக்குன்னு சொன்னா போதும்.

கஷ்டமா இருக்கறது சிட்டர்ங்கிற சொல்லு, படத்துக்காக உக்கார்றவர். மாடல்னு சொல்ல முடியாது, மாடல் யாரா வேணா இருக்கலாம், இவரு இன்னார்தான். "உருவத்துக்குரியவர்"ங்கிறது நான் யோசிச்சது, கொஞ்சம் நீளம்தான். மத்த ஓவியங்களோட அட்டைல வழக்கமா வரைஞ்சவர் பேரு முதல்ல வரும். உருவப்படக் கூடத்துல உருவத்துக்குரியவர் பேரு, அவர் என்னவா இருந்தார்ங்கறது முதல் வரி, ஓவியரோ ஒளிப்படக்காரரோ அதுக்குக் கீழ, அப்புறம் எண்ணெய் வண்ணமா வெள்ளிப் பிரதியா (வெள்ளி உப்பு பூசின தாள்ல எடுத்த ஒளிப்படம்), எந்த வருஷம்னு வரிசையா எழுதினா பாக்கறவங்களுக்கு முதல்ல வேண்டியது முதல்ல கிடைச்சிடும்.